பிசிறு வெட்டாத கடல்

திருப்பூரில் பிசிறு விட்டால் அது பாவம். தையல் முடிகிற இடத்தில் தொங்கும் நூலைத்தான் இங்கே பிசிறு என்கிறோம். கழுத்தோரத்தில் ஒன்று, அக்குளில் ஒன்று, கை மடிப்பில் ஒன்று என்று எங்கே தொங்கினாலும் அதை வெட்டி எறிவதற்கென்றே ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் ஒரு மேசை நிறையப் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பெட்டிக்குள் போய்விட்டால் போதும், கடல் தாண்டிப் போய் அதற்கு ஒரு புகார் திரும்பி வரும். இந்தப் பழக்கம் எங்களுக்குள் எவ்வளவு ஊறிவிட்டதென்றால், பல்லடம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளின் காலரில் நூல் தொங்கினாலும் கை தானாகப் போகும். நானே ஒருமுறை அப்படி இழுத்துவிட்டு அந்த ஆளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட ஊரில், பிசிறு தொங்கியே ஆக வேண்டும் என்று ஒரு துணியைத் தைத்து, அதற்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றேன். எனக்குத் திமிர் என்று கம்பெனியில் பாதிப் பேர் என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். மீதிப் பேர் என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

நான் திருப்பூர் நல்லூரில் ஒரு கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்களை நாங்கள் பையர் என்போம். பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் சட்டையைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அதே சட்டை ஆயிரக்கணக்கில் தையல் மெஷின் வரிசையில், அதாவது லைனில், ஓடும். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரையில். கல்யாணம் முடிந்த கையோடு இந்த ஊர் மண்ணரைக்கு வந்து ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். கடலை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே வந்த புதிதில் காற்றில் உப்பு இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு பஞ்சுத் தூசியே பழகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மாதா கோவில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ஒரே அண்ணன். சொந்தமாக வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவன். காலையில் அவன் கரை சேர்ந்து வலையை உதறும்போது பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்சம் சாளை, ஒரு நண்டு, ஒரு கூடை குப்பை. அந்தக் குப்பைக்குள் ஒரு பாலிபேக் கிடந்தது. சட்டையை மடித்து உள்ளே போட்டு ஒட்டுகிற கண்ணாடிக் கவரைத்தான் சொல்கிறேன். இரண்டு காற்று ஓட்டை, மேலே பசைப் பட்டை, குழந்தை கையில் கொடுக்காதே என்று நாலைந்து மொழியில் எச்சரிக்கை, மூலையில் எல் சைஸ் ஸ்டிக்கர். உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறியதோ தெரியவில்லை, எழுத்துகூட அழியவில்லை. அது எங்கள் கம்பெனிக் கவர் என்று சத்தியம் பண்ண மாட்டேன். எந்த ஊர்க் கடையில் யார் பிரித்துப் போட்டதோ. ஆனால் அதை நான் பார்த்த பார்வையிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னட்டி அப்படிப் பாக்க? ஒங்க ஊருச் சாமான்தான அது? எடுத்துட்டுப் போ" என்றான்.

"நானா கொண்டாந்து கடல்ல போட்டேன்?"

"நீ போடல. ஆனா எனக்கு வருதே. மீனு ஒரு நா வருது, ஒரு நா வரல. இது மட்டும் ஒரு நாளும் லீவு போடல."

எனக்குச் சுருக்கென்றது. பையர் கேட்கிறான், கம்பெனி போடுகிறது, நடுவில் தையல்காரி என்ன செய்வாள் என்று அந்தக் கரையிலேயே நின்று கத்தினேன். என் பேச்சில் இடையிடையே கொங்குத் தமிழ் வேறு வந்து விழுந்தது. அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட 'ங்க' போட்டுச் சண்டை புடிச்சு என்னத்துக்கு? கோவம் வந்திச்சுன்னா அங்கன போயிக் காட்டு" என்றான்.

அந்தக் கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திருப்பூர் வந்தேன். எனக்கு அவன் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

வந்து சேர்ந்த வாரமே எங்கள் கம்பெனியில் ஒரு புது ஆர்டர் ஓட ஆரம்பித்தது. பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழுத்த நூலில் செய்த சட்டை. பாட்டில் நூல் என்போம். நெஞ்சில் ஒரு திமிங்கிலம். கழுத்தில் தொங்கும் அட்டையில் கடலைக் காப்போம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதன் முதல் சாம்பிளை நான்தான் தைத்தேன். துணி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கத்தரிக்கும்போதே பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒருமுறை அலசிப் பார்த்தேன். பக்கெட் தண்ணீரின் அடியில் நீலமாகச் சகதி போலத் தங்கியது. பாட்டிலாக இருந்தபோது கையால் பொறுக்கியாவது எடுத்திருக்கலாம், இனி இதை யார் பொறுக்குவார்கள்? பேக்கிங்கில் போய்ப் பார்த்தால் ஒரு சட்டைக்கு ஒரு கவர். திமிங்கிலத்தை வரைந்து, கடலைக் காப்போம் என்று எழுதி, அதைப் பிளாஸ்டிக்கில் போட்டு ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு எரிந்தது.

எனக்குப் பேசத் தெரியாது. மேடை, மைக் எல்லாம் நமக்கு ஆகாது. தைக்கத் தெரியும். ஆகவே தைத்தேன்.

சாயப் பட்டறையிலிருந்து வரும் துணி பையர் கேட்ட நிறத்துக்குத் துளி மாறியிருந்தாலும் ரிஜெக்ட். ஷேடு சேரவில்லை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய நீலத்துணி மட்டுமே எங்கள் குடோனில் ஒரு மூலை நிறையக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு நீலம். ஒன்று பச்சையில் சாயும், ஒன்று சாம்பலில் சாயும், ஒன்று கறுப்பாகவே போய்விடும். வருடக்கணக்காக அந்த வித்தியாசத்தைக் குற்றம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அன்றைக்குத்தான் அது எங்கள் ஊர்க் கடலின் நிறங்கள் என்று தெரிந்தது. கரையில் ஒரு நீலம், வள்ளம் போகப் போக ஒரு நீலம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வேண்டிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில் வைத்து, செயின் ஸ்டிச் மெஷினில் அலை அலையாக இணைத்தேன். செயின் ஸ்டிச் என்பது சங்கிலி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துப் போகிற தையல். துணியோடு சேர்ந்து இழுபடும், அதனால் அலைக்கு நன்றாக வளைந்து கொடுத்தது. நடுவில் சாளை, பாரை என்று மீன்களைத் துணியில் வெட்டி வைத்துத் தைத்தேன்.

அந்த நிலையில்தான் முதலாளி பார்த்தார். பல்லடம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். தானே நிட்டிங் மெஷின் ஓட்டி மேலே வந்தவர் என்பதால் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஏனுங்க, இது என்ன, போர்வைங்களா?"

"கடலுங்க."

தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து மீனைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. பையர் மேடம் ரெண்டு மாசத்துல வர்றாங்க. வாசல் ஹால்ல மாட்டிரலாங்க. அவிய ஆர்டரும் கடல் ஆர்டர்தானுங்களே, பொருத்தமா இருக்கும்."

"இன்னும் முடியலீங்க. நான் எப்படி முடிக்கிறேனோ அப்படியே மாட்டறதா இருந்தாத் தர்றேனுங்க."

"உங்க இஷ்டங்க. உங்க கை வேலைல நான் என்ன சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மீதி வேலை வீட்டில். நூல் சுற்றி வருகிற கோனில் கடைசியாக மிஞ்சும் பாட்டில் நூலை முழ முழமாக வெட்டி, அலைகளுக்குள் கோர்த்துத் தொங்கவிட்டேன். சில நூலின் நுனியில் கிழிந்த பாலிபேக் துண்டு, சிலவற்றில் அட்டை மாட்டுகிற பிளாஸ்டிக் ஊசி. மீனின் வாயிலிருந்து நூல், செவுளிலிருந்து நூல், வயிற்றிலிருந்து நூல். அண்ணன் வலையில் வந்த அந்தக் கவரைக் கழுவாமல், உப்புப் பூத்தபடியே நடுவில் தைத்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் மழைக்கால அலை போல அழகாக இருக்கும். கிட்டே வந்தால் கடலே தெரியாது, பிசிறுதான் தெரியும். அப்படித்தான் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம், ஒரு ஞாயிறு விடாமல். என் வீட்டுக்காரர் கறிக்கடைக்கும் அடுப்படிக்குமாக நடந்துவிட்டு, "ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் மீன் குழம்பு வைக்காங்க, எனக்கு வாச்சவ மீனுக்குத் தையல் போடுதா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சொல்லிவிட்டு அவரே குழம்பும் வைப்பார்.

பையர் மேடம் வருகிற நாளும் வந்தது. மூன்று மணிக்கு வருவதாகத் தகவல். காலையில் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். மடிப்பு விழுந்திருந்ததால் லேசாக ஆவி காட்டலாம் என்று ஃபினிஷிங் பகுதிக்குக் கொண்டுபோய் ஒரு மேசையில் விரித்து வைத்தேன். அயர்ன் போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். அதற்குள் சாம்பிள் ரூமில் ஒரு கழுத்துப் பட்டி சுருங்குகிறது, உடனே வா என்று கூப்பிட்டார்கள். போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தேன்.

என் கடல் மொழுமொழுவென்று இருந்தது.

ஒரு நூல் இல்லை. ஒரு கவர்த் துண்டு இல்லை. நான் விரித்து வைத்தது பிசிறு மேசை. ஆறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கத்தரியால் ஓரம் ஓரமாக, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பார்த்து, சுத்தமாக வெட்டி முடித்திருந்தார்கள். அந்த மேசைக்குப் பொறுப்பான அக்கா எனக்கு மூத்தவர், உள்ளூர்க்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா கண்ணு. துணி என்னமா இருக்குது! ஆனா பிசிறுன்னா பிசிறு, அத்தன பிசிறு. பையர் வர்ற நாளும் அதுவுமா இப்படியா கொண்டாந்து வெப்ப? நாங்க ஆறு பேரும் உக்காந்து பூராத்தையும் எடுத்துட்டம். நடுவுல எவனோ கவரை வேற வெச்சுத் தெச்சிருந்தான், அதையும் பிரிச்சு வீசியாச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அது பிசிறு இல்லை, இரண்டு மாத வேலை என்று கத்தினேன். அலசினால் சட்டையிலிருந்து உதிர்வது அது, சாக்கடை வழியாகக் கடலுக்குப் போவது அது, மீன் தின்பது அது, அந்த மீனை என் அண்ணன் பிள்ளைகள் தின்கிறார்கள் என்று கத்தினேன். லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆறு பேரும் கத்தரியைக் கையிலிருந்து விட்டுவிட்டார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார் அந்த அக்கா. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "இந்த மேசைல வெச்சா வெட்டத்தான எங்களுக்குத் தெரியும்?"

அது நியாயம். வெட்டக் கூடாத துணி என்றால் அதன் மேல் ஒரு சீட்டுக் குத்தி வைக்க வேண்டும். இத்தனை வருடம் நானே மற்றவர்களுக்குச் சொன்னதுதான். என் மடத்தனம் எனக்கு உறைத்ததால் இன்னும் கோபம் வந்தது. மேசைக்கு அடியில் இருந்த குப்பைச் சாக்கைத் துழாவினேன். நூலெல்லாம் விரற்கடை அளவுத் துணுக்குகளாக, வேறு சட்டைகளின் வெட்டுகளோடு கலந்து கிடந்தன. ஒன்றைக்கூட மறுபடி கோர்க்க முடியாது. அண்ணன் வலையிலிருந்து வந்த கவர் அந்தச் சாக்கில் இல்லை. பிளாஸ்டிக் குப்பையைத் தனியாக எடுக்கிற வண்டியோடு அதற்குள் போய்விட்டது.

இந்த நேரத்தில் முதலாளி வந்தார். துணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் நேற்றுத்தான் அவருக்குப் போனில் முடிந்த படத்தை அனுப்பியிருந்தேன். அவர் பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது.

"இப்பத்தானுங்க பார்க்க அம்சமா இருக்குது. நேத்துப் போட்டோ பார்த்துட்டு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தனுங்க. தெய்வாதீனமா நடந்து போச்சு. இப்படியே மாட்டச் சொல்லீரலாங்க."

"நான் முடிச்ச மாதிரி மாட்டறதாச் சொன்னீங்க."

"நான் வெட்டச் சொல்லலீங்களே. தானா நடந்ததுங்க." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கோவிச்சுக்காதீங்க. விருந்தாளி வர்ற நேரத்துல யாராச்சும் ஊட்டுக் குப்பையை வாசல்ல கொட்டுவாங்களா?"

"அவங்க குப்பையும் அதுல இருக்குதுங்க. அவங்களும் பார்க்கட்டும். இல்லீன்னா துணியைக் கொடுங்க, நான் ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"அது கம்பெனித் துணிங்க" என்றார். அதட்டவில்லை. அவர் அதட்டியே நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு, இரண்டு பேரைக் கூப்பிட்டு அதை எடுத்துப்போய் மாட்டச் சொன்னார்.

நான் அங்கேயே நின்றேன். பொய் சொல்லும் ஒரு துணியை என் கையாலேயே தைத்துவிட்டேன் என்று பட்டது. அந்த அழகான நீலத்துக்கு முன்னால் நின்று அந்தப் பையர் அம்மாள் படம் எடுப்பார். பார், எங்கள் கடல் எவ்வளவு சுத்தம் என்று ஊருக்குப் போய்க் காட்டுவார். திமிங்கிலச் சட்டைக்குப் பக்கத்தில் அதைப் போடுவார்கள். அண்ணன் தன் வலையோடு அங்கேயே கிடப்பான். மதியம் வரை மெஷினில் உட்கார்ந்தும் இதே நினைப்புதான். மணி இரண்டரை இருக்கும். ஹாலுக்குப் போனேன்.

சுவர் முழுக்க என் கடல். கீழே பூந்தொட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

செயின் ஸ்டிச்சில் ஒரு குணம் உண்டு. தையல் முடிந்த பக்கத்து நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால், ஒரே இழுப்பில் மொத்தமும் அவிழ்ந்து வந்துவிடும். தப்பான பக்கத்தில் இழுத்தால் இறுகிக்கொள்ளும். எந்தப் பக்கம் எது என்று தைத்தவளுக்குத் தெரியும். முதல் அலையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று அந்தக் கோடி வரைக்கும் போனது. இரண்டு நீலமும் விலகி நடுவே சுவர் தெரிந்தது. அவிழ்ந்த நூல் சுருள் சுருளாகக் கீழே தொங்கியது. அடுத்ததை இழுத்தேன். ஒரு பாரை மீன் தலை பிரிந்து, வாலில் மட்டும் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது.

முதலாளி ஓடி வந்தார். "ஏனுங்க! என்னங்க பண்றீங்க?"

"துணி உங்களுதுங்க. ஒரு துண்டு குறையாம எடுத்துக்கங்க. தையல் என்னோடது. அதை நான் எடுத்துக்கறேன்."

வாட்ச்மேன் ஸ்டூலை நோக்கி வந்தார். முதலாளி வேண்டாம் என்று கையைக் காட்டினார். கார் வருகிற நேரத்தில் ஒரு பெண்ணை ஸ்டூலிலிருந்து இறக்குகிற காட்சி அவருக்குத் தேவையில்லை. இறங்குங்க, இறங்குங்க, பேசிக்கலாங்க என்று கீழே நின்று கெஞ்சினார். நான் இறங்கவில்லை. அதற்குள் கதவோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிசிறு மேசைப் பெண்கள் ஆறு பேரும் நின்றார்கள். அந்த மூத்த அக்கா அண்ணாந்து பார்த்தார். பிறகு முதலாளியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"கண்ணு, எந்தப் பக்கம் இழுக்கோணும்?"

சொன்னேன். கீழ் அலையின் நுனியை அவர் பிடித்தார். இன்னொரு பெண் அந்தப் பக்கம் போனாள். நூல் தொங்கினால் வெட்டாமல் இருக்கத் தெரியாத கைகள், அவிழ்ந்த நூலைத் தொடாமல் அப்படி அப்படியே விட்டன. அந்த அக்காவின் கை ஒருமுறை பழக்க தோஷத்தில் கத்தரிக்குப் போய்த் திரும்பியதை நான் மேலிருந்து பார்த்தேன்.

அப்போதுதான் பையர் மேடம் உள்ளே வந்தார்.

பையர்களோடு ஆர்டர் விவகாரம் பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் சார்தான் அழைத்து வந்தார். முதலாளி முந்திக்கொண்டு, "ரிப்பேர் மேடம், ஸ்மால் ரிப்பேர்" என்றார்.

"நோ ரிப்பேர்" என்றேன் ஸ்டூலிலிருந்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கம்பெனியில் கற்றது, அதில் பாதி குற்றப் பட்டியல். அதை வைத்தே பேசினேன். "திஸ் சீ, மேடம். ஆல் ஷேடு ரிஜெக்ட். ஓபன் சீம், புரோக்கன் ஸ்டிச். யுவர் ஷர்ட் வாஷிங், த்ரெட் கோயிங் சீ. ஃபிஷ் ஈட்டிங். மை பிரதர் ஃபிஷ்ஷிங், பாலிபேக் கமிங்."

அந்த அம்மாளுக்குப் புரிந்தது. நெஞ்சில் கை வைத்தார். பியூட்டிஃபுல் என்றார். போனை எடுத்துப் படம் பிடித்தார். தொங்குகிற மீனைக் கிட்டேயும் தூரத்திலும் வைத்துப் பிடித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் அழகைக் காட்ட ஏறி நிற்கவில்லை.

"ஒன் ஷர்ட், ஒன் பாலிபேக். ஒய் மேடம்?" என்று கேட்டேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அவரைப் பார்த்தார். கவர் இல்லாவிட்டால் குடோனில் தூசி படியும், இங்கே அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்று மேடம் சொன்னார். பையர் கேட்பதால்தான் போடுகிறோம் என்று முதலாளி சொன்னார். கண்ணெதிரே இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கை காட்டிக்கொண்டார்கள். கரையில் நின்று நான் அண்ணனிடம் செய்ததும் அதேதான் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில், ஊருக்குப் போய் எங்கள் ஆபீசில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

மறுநாள் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போனது என்றுதான் போனேன்.

"மேடம் போட்டோவெல்லாம் எடுத்துட்டாங்க. அடுத்த வாட்டி வந்தா எங்கேன்னு கேப்பாங்க. அதனால அது அங்கயே இருக்கட்டுங்க" என்றார். "ஆனா இனி அதைத் தொடாதீங்க, சாமி."

"தொடுவேனுங்க. பாலிபேக் போட்டு ஒவ்வொரு லோடு போறப்பவும் ஒரு தையலை இழுப்பேன். கவர் இல்லாம, வெறும் பேப்பர் பட்டை சுத்தி ஒரு லோடு அனுப்புங்க. அன்னைக்கு ஒரு தையலைத் திரும்பப் போடறேன்."

"மிரட்டறீங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எதிர் கம்பெனியில் சாம்பிள் மெஷின் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அது அவருக்கும் தெரியும். திருப்பூரில் ஆர்டரைப் பிடித்துவிடலாம், கை சுத்தமான டெய்லரைப் பிடிப்பது கஷ்டம். சரிங்க, வேலையைப் பாருங்க என்று அனுப்பிவிட்டார்.

அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். பாராட்டுவான் என்று ஒரு நப்பாசை. சாயங்காலம் ஒரு வரி வந்தது. 'இன்னைக்கும் ரெண்டு கவர் வந்திச்சு.' அவ்வளவுதான். அன்றைக்கு அழுதேன். மறுநாள் ஒரு லோடு போனது, போய் ஒரு தையலை இழுத்தேன்.

அன்றிலிருந்து இதே வழக்கமாகிவிட்டது. பெட்டி ஏறிய லாரி வாசலில் ஹாரன் அடித்ததும் பிசிறு மேசையிலிருந்து யாராவது வந்து என் தோளைத் தட்டுவார்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டு ஹாலுக்குப் போவேன். பையர் ஆபீசிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டால், பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பேசட்டும். ஹாலில் சுவர்தான் அதிகம் தெரிகிறது. நீலம் ஓரத்தில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. மீதியெல்லாம் தொங்கும் நூலும், அதில் ஆடும் மீன்களும். கூட்டுகிற அம்மாவுக்குக்கூட அந்த நூலைத் தொடக் கூடாது என்று தெரியும்.

போன வாரம் ஹாரன் அடித்து நான் ஹாலுக்குப் போனபோது முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துணியையே பார்த்தார். மேலே இருந்து கீழே வரை ஒவ்வொரு அலையாக அவர் கண் எண்ணிக்கொண்டு வந்தது.

"இன்னும் நாலு தையல்தான் இருக்குதுங்களா?"

"மூணுங்க."

"இப்படியே இழுத்துட்டிருந்தா ஒண்ணுமே மிஞ்சாதுங்களே."

"மிஞ்சாதுங்க" என்றேன். ஸ்டூலில் ஏறி நுனியைத் தேடிப் பிடித்தேன். வாசலில் லாரி கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. "வெளிய நிக்கிற லோடு கவர்ல போகுதுங்களா, பேப்பர்லயா?"

அவர் வாசலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், அவர் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடலாம் என்று. லாரி கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

இழுத்தேன்.